கிறித்தவக் கம்பர் கண்ட சாத்தான்

நம் திருப்பெரும்பூதூருக்குப் பூதபுரி என்றொரு பழம்பெயர் உண்டு. ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை இன்று தொழிற்சாலைகளின் பெயரைச் சொல்லியே வழி கேட்கிறோம். பழம்பெயரை நினைப்பவர் குறைவு. தலபுராணம் அப்பெயருக்கு ஒரு கதை கூறுகிறது. கயிலையில் சிவபெருமான் ஆடும்பொழுது அவருடைய பூதகணங்கள் அடக்கமின்றி நகைத்தன. அதனால் சாபமுற்றுக் கயிலையை இழந்தன. இங்கு வந்து திருமாலை நோக்கித் தவம் புரிந்தன. ஆதிகேசவப் பெருமாள் காட்சி தந்தார். ஆதிசேடன் உண்டாக்கிய அனந்தசரசில் நீராடிய பூதங்கள் இழந்த இடத்தை மீண்டும் பெற்றன. இறைவனுக்கு அருகில் நின்ற ஏவலர், செருக்கினால் வீழ்ந்தனர். வீழ்ந்தவர் மீண்டும் எழுந்தனர்.

கிறித்தவ மறையிலும் செருக்கினால் வீழ்ந்த ஏவலன் ஒருவன் உண்டு. அவனைச் சாத்தான் என்பர். ஆனால் அவனுக்கு அனந்தசரசு இல்லை. இந்த ஒரு வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை இரு பக்கமும் வாழ்ந்து அறிந்த தமிழ்ப் புலவர் ஒருவர் இருந்தார். இராமாநுசர் நெறியில் பிறந்து, இயேசு நெறியில் முடிந்தவர். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையே அவர். மேல்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பாடம் படித்த பலரும் இரட்சணிய யாத்திரிகத்தின் சில செய்யுட்களையேனும் மனப்பாடம் செய்திருப்போம். மதிப்பெண் வாங்கியதும் மறந்தும் இருப்போம். ஆகவே அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். வேளாளர் குடி, வைணவ நெறி. தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர்; தாயார் தெய்வநாயகி அம்மை. கம்பன் பாட்டைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டின் ஓசை செவிவழியே குருதியில் கலந்ததில் வியப்பில்லை. இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். 1853ஆம் ஆண்டில் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் வேண்டியிருந்தது. அறிஞர் கால்டுவெல் கிருஷ்ண பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். வைணவராகவே சென்றார், வைணவராகவே பாடம் நடத்தினார். பிழைப்புக்காகப் பிற சமயத்தார் நிறுவனத்தில் பணியாற்றுவது அன்றும் இன்றும் புதிதன்று.

அங்கேதான் உள்ளத்தில் போராட்டம் தொடங்கியது. நண்பர் தனகோடி ராஜு கிறித்தவம் தழுவினார். தம்பி முத்தையா பிள்ளையும் அவ்வழி சென்றார். ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பயணக் கதையின் தமிழாக்கம் கிருஷ்ண பிள்ளையின் கைக்கு வந்தது. பனியன் பாத்திரம் செப்பனிடும் எளிய தொழிலாளி. அரசின் அனுமதியின்றிச் சமயம் பேசினார் என்பதற்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். 1678இல் வெளிவந்த அந்நூல் முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் தன் ஊரை விட்டு ஓடுவதில் தொடங்குகிறது. மனைவி மக்கள் அழைத்தும் அவன் திரும்பவில்லை. இதைப் படித்தபோது நம் புலவருக்கு நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! அவரும் ஊரை விட்டார். சென்னைக்கு வந்து, பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராக இருந்தார். மாநிலக் கல்லூரியைச் சார்ந்தும் தமிழ் கற்பித்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிருஷ்ண பிள்ளை என்னும் பெயரின் முன்னே ஹென்றி ஆல்பிரட் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். கிருஷ்ணன் என்ற பெயரை அவர் விடவில்லை என்பதை நண்பர்கள் கருத வேண்டும்.

இனி நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன். சாத்தானைத் தமிழில் எப்படிச் சொல்வது? இது சிறிய வினா அன்று. தமிழில் பேய் உண்டு. ஆனால் தமிழ்ப் பேய் எத்தகையது? பரணி நூலில் அது பசியால் வாடும். போர்க்களத்தில் கூழ் சமைக்கும். நம்மைச் சிரிக்க வைக்கும். காரைக்கால் அம்மையாரோ பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றார். அங்கே பேய் என்பது பெருமை. அலகை என்ற சொல் குறளிலேயே வருகிறது. உலகம் உண்டு என்று ஒப்பியதை இல்லை என்று மறுப்பவனை வள்ளுவர் அச்சொல்லால் இகழ்கிறார். அசுரர் கதையோ இன்னும் நுட்பமானது. இரணியனும் இராவணனும் யார் என்று வைணவரைக் கேட்டால், வைகுந்தத்து வாயிற்காவலராகிய சயனும் விசயனுமே என்பர். சாபத்தால் பகைவராய்ப் பிறந்து மூன்று பிறவி முடிந்ததும் தம் வாயிலுக்கே திரும்பினர். பகைவனும் அங்கே மறைந்திருக்கும் அடியவன்தான்! கம்பனின் இராவணனைக் கண்டு கலங்காத தமிழ் நெஞ்சம் எது?

கிறித்தவம் கூறும் சாத்தான் இந்த வரிசையில் எங்கும் பொருந்தாதவன். எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள். கிரேக்கர் அவனுக்கு இட்ட பெயருக்கு அவதூறு பேசுபவன் என்று பொருள். கொம்பும் வாலும் பின்னாளைய ஓவியர் கொடுத்தவை. யோபு நூலில் அவன் இறைவனின் அவையிலேயே வந்து நிற்கிறான். நல்லவன் ஒருவன் ஆதாயத்துக்காகவே நல்லவனாக இருக்கிறான் என்று வழக்காடுகிறான். ஆதியாகமத்தில் ஏவாளை ஏய்க்கும் பாம்புக்குச் சாத்தான் என்ற பெயரே இல்லை. மறைநூலின் கடைசிப் பகுதியாகிய வெளிப்பாடுதான் அப்பழைய பாம்பையும் சாத்தானையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி பாபிலோன் மன்னனை வீழ்ந்த விடிவெள்ளி என்று பழிப்பதைத் திருச்சபைப் பெரியோர் சாத்தானின் வீழ்ச்சியாகவும் கொண்டனர். இலத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளிக்கு வழங்கிய லூசிபர் என்னும் சொல் இவ்வாறே அவன் பெயராயிற்று.

இவற்றையெல்லாம் கூட்டித் திருச்சபை கற்பிப்பது இதுதான்: சாத்தான் கடவுளுக்கு நிகரான மற்றொரு கடவுள் அல்லன்; அவனும் படைக்கப்பட்டவன். நல்லவனாகவே படைக்கப்பட்டான். தன் விருப்பத்தால் செருக்குற்றுக் கெட்டான். ஆகவே தீமைக்கு மூலம் இறைவன் அல்லன், கருமவினையும் அன்று. படைக்கப்பட்ட ஓர் உயிரின் சுதந்திரமே. அவன் மீள்வானா? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்னும் அலெக்சாந்திரிய அறிஞர் எல்லா உயிரும் இறுதியில் இறைவனிடம் திரும்பும் என்று எண்ணினார். நம் பூதபுரிக் கதையை அவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை அக்கருத்தைத் தள்ளிவிட்டது. மனிதனுக்குச் சாவு எப்படியோ, அப்படியே வானவனுக்கு அவன் வீழ்ச்சி. அதற்குப் பின் மனந்திரும்புதல் இல்லை என்பது அவர்கள் முடிபு.

வாயிற்காவலர் கதையைக் கேட்டு வளர்ந்தவர் இதை ஏற்கும்போது எதையோ இழக்கிறார். பகைவனும் ஒருநாள் உறவாவான் என்ற ஆறுதல் போய்விடுகிறது. அதற்கு ஈடாக அவர் பெற்றது என்ன? இரட்சணியம் என்ற சொல்லைப் பாருங்கள். காப்பவன் இறைவன், காக்கப்படுபவன் நான், என் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்னும் சரணாகதி நெறியில் ஊறிய சொல் அது. தாம் முன்பு கற்ற சரணாகதியையே கிருஷ்ண பிள்ளை புதிய நெறிக்கும் கொண்டு சென்றார் என்பது என் துணிபு. சரண் புகும் இடம் மாறியது. சரண் புகும் நெஞ்சு மாறவில்லை.

இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1894ஆம் ஆண்டு மே மாதத்தில் நூலாயிற்று. 3,766 செய்யுட்கள், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து. பனியனுடைய கதைப்போக்கே அடிப்படை எனினும் வெறும் மொழிபெயர்ப்பு என்று இதைத் தள்ளுவது தவறு. இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடியது நம் புலவரின் சொந்தப் படைப்பு. பனியனில் அது இல்லை. தம்மைத் துன்புறுத்துவோருக்காக அவர் மன்றாடும் பகுதியைச் சமய வேற்றுமையின்றி எவரும் கண்ணீரின்றிப் படிக்க இயலாது.

பனியன் கதையில் என்னை மிகவும் ஈர்த்தது பகைவன் வரும் இடம். தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் அழிவின் அரசன் வழிமறிக்கிறான். வந்தவுடன் வாளை வீசவில்லை. முதலில் உரிமை பேசுகிறான்: நீ என் குடிமகன், என் ஊரில் பிறந்தவன் என்கிறான். பிறகு கூலி பேசுகிறான்: திரும்பி வந்தால் நல்ல ஊதியம் என்கிறான். அதுவும் பலிக்காதபோது பயணியின் குற்றங்களை ஒன்றொன்றாக எடுத்து விளம்புகிறான். அவன் சொல்லும் குற்றங்களோ உண்மையானவை! பயணியும் மறுக்கவில்லை, மன்னிப்பைப் பெற்றேன் என்று மட்டும் சொல்கிறான். அதன் பின்னரே போர். இன்னோரிடத்தில் வஞ்சகன் வெள்ளாடை போர்த்து, வழிகாட்டியாக வந்து இனிமையாகப் பேசி வலையில் சிக்க வைக்கிறான். சாத்தான் ஒளியின் தூதனாக வேடமிடுவான் என்று பவுல் அடியார் எழுதியதன் விரிவு இது. நம் வட்டாரத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கம்பெனி வேலை வாங்கித் தருவதாகக் கூறி மாணவர் சிலரிடம் பணம் பெற்று மறைந்த தரகர் ஒருவரை நானும் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, கனிந்த பேச்சு, ஒவ்வொருவர் வீட்டு நிலையும் அவருக்கு அத்துபடி. பரணிப் பேயைப் போல் பல்லிளித்து வந்திருந்தால் எவரும் பணம் கொடுத்திருக்க மாட்டோம்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வஞ்சகம் எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு அக்காலத்துப் பாதிரிமார் பலர் எளிய விடை வைத்திருந்தனர்: அடுத்த வீட்டுக்காரன் கோயிலில். கிருஷ்ண பிள்ளையைப் பணியில் அமர்த்திய கால்டுவெல்லே 1849இல் திருநெல்வேலிச் சாணார் குறித்து எழுதிய நூலில் அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரித்தார். அந்நூலுக்குப் பின்னாளில் அம்மக்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒப்பிலக்கணம் தந்த பேரறிஞருக்கும் இப்பார்வை இருந்தது. தன் தாய் கும்பிட்ட தெய்வத்தைப் பேய் என்று கேட்க எந்த மகனுக்கு மனம் வரும்?

கிருஷ்ண பிள்ளை இவ்வினாவை எப்படி எதிர்கொண்டார்? எல்லாச் சமயமும் ஒன்றே என்று அவர் கூறவில்லை. அப்படிக் காட்டுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. 1898இல் வெளியான இரட்சணிய சமய நிர்ணயத்தில் கிறித்தவமே மீட்பின் நெறி என்று வழக்காடுகிறார். ஆயினும் தந்தையிடம் கேட்ட கம்பனை அவர் சாத்தானின் வலை என்று தூக்கி எறியவில்லை. கம்பன் விருத்தத்திலேயே தம் காப்பியத்தை யாத்தார். இரட்சணிய மனோகரத்தின் பாடல்களில் ஆழ்வார்களின் உருக்கம் கேட்கிறது. மாணவருக்கென்று பழந்தமிழ்ப் பாக்களைக் காவிய தர்ம சங்கிரகம் எனத் தொகுத்தும் தந்தார். காப்பியத்தில் வரும் சோதனைகளையும் பாருங்கள். பயணியை வழிதவற வைப்பவை அச்சம், சோம்பல், உலக ஆசை, முகத்துதி, நம்பிக்கை இழப்பு முதலியனவே. பகைவன் பதுங்கியிருக்கும் இடம் பயணியின் உள்ளம். அயலானின் கோயில் அன்று. உருவகக் காப்பியம் என்ற வடிவமே இதற்கு உதவியது என்பேன்.

எஞ்சிய வாழ்நாளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் ஆசிரியப் பணி. பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ்ப் பணி. ஆசிரியர் வாழ்க்கையில் நிகழ்ச்சிகள் குறைவுதானே! பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் செய்யுள் என்று பதின்மூன்று ஆண்டுகள் ஒரே நூலோடு இருந்தவர் அவர். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் தம் எழுபத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார்.

இரட்சணிய யாத்திரிகத்தைப் புதிதாக எடுப்போர் முதல் செய்யுளிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வடசொற்கள் மிகுதி, இன்றைய மாணவருக்குச் சற்றுக் கடினம். குமார பருவத்தை முதலில் படித்துவிட்டு, ஓசை பழகிய பிறகு ஆதி பருவத்துக்குத் திரும்பலாம். கம்பனின் யுத்த காண்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இராவணனுக்காக இரங்கும் கவிக்கும் சாத்தானுக்காக இரங்காத கவிக்கும் இடையே உள்ள தொலைவை அவரவரே அளந்துகொள்ளலாம்.