பாப்பனிக்கோலா

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ‘பாப்’ சோதனையை நம்மிற் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தப் ‘பாப்’, ஜார்ஜ் பாப்பனிக்கோலா என்ற நீண்ட பெயரின் தலைத் துண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 1883 மே 13ஆம் நாள், கிரேக்க நாட்டுக் கைமி என்னும் கடலோரச் சிற்றூரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஏதென்ஸில் மருத்துவம் கற்றுப் பின் மியூனிக்கில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். ஊரிலேயே நாடி பார்த்திருக்கலாம். அதில் அவர் மனம் செல்லவில்லை.

1913இல் மனைவி ஆண்ட்ரோமாக்கியுடன் நியூயார்க்கில் வந்திறங்கினார். ஆங்கிலம் தெரியாது. இரு பட்டங்கள் பெற்றவர் கடையில் கம்பளம் விற்றார்; உணவு விடுதியில் பிடில் வாசித்தார். அம்மையார் பொத்தான் தைத்தார். மறு ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரி இடந்தந்தது. பின்னர் ஆண்டுக்கணக்கில் தம் உடலையே கணவரின் சோதனைக்குத் தந்த அந்த அம்மையாருக்குப் புகழில் பாதி சேரவேண்டும் என்பது என் துணிபு.

உதிர்ந்த செல்களில் புற்றுநோயைக் காணலாம் என்று 1928இல் அவர் அறிவித்தபோது மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. 1943இல் டிராட் என்பவருடன் எழுதிய நூலே அதன் கண்ணைத் திறந்தது.

நான் சொல்லவந்தது அதற்கடுத்த செய்தி. 1945இல் அவரும் விக்டர் மார்ஷல் என்ற அறுவை மருத்துவரும் சிறுநீரின் வண்டலைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி ஆராய்ந்தனர். புற்றுச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதில்லை. எளிதில் உதிர்ந்து சிறுநீரோடு வந்துவிடுகின்றன. உட்கரு பருத்துக் கறுத்திருப்பதே அவற்றின் அடையாளம்.

சித்தூரிலிருக்கும் என் பெரியப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியை அகற்றினார்கள். பீடியை அன்றோடு விட்டார். ஆயினும் மீண்டும் மீண்டும் முளைக்கும் நோய் இது. மூன்று மாதத்துக்கொரு முறை பேருந்தேறித் திருப்பதிக்கு வருவார். குழாய் விட்டுப் பார்ப்பார்கள் என்றால் முதல் நாளே அவருக்குச் சோறு இறங்காது. சிறுநீர்ச் சோதனை மட்டும் போதுமென்று ஒருமுறை வீட்டிலேயே இருந்துகொண்டார். போதாது என்று சொல்லி அழைத்துவர நான்தான் போனேன். வீரியமுள்ள புற்றை அச்சோதனை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சாதுவான கட்டியின் செல்களோ நல்ல செல்களைப் போலவே தோன்றி ஏமாற்றிவிடும். இன்னொன்று: விடியலில் கழிக்கும் முதல் சிறுநீர் உதவாது. இரவெல்லாம் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும், அடுத்ததையே கேட்பார்கள்.

2016இல் வெளிவந்த பாரிஸ் முறை என்னும் வகைப்பாடும் வீரியப் புற்றைத் தேடுவதையே முதற்கடனாகக் கொண்டது. மரபணுச் சோதனைகளும் வந்துள்ளன. குழாய்க்கு முழு விடுதலை கிடைத்தபாடில்லை.

1961இல் மயாமி நகரில் புதிய ஆராய்ச்சி நிலையமொன்றை நடத்தப் புறப்பட்ட பாப்பனிக்கோலா, 1962 பிப்ரவரி 19இல் மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு கிட்டவில்லை. கிரேக்க நாடு 10,000 டிராக்மா நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2002இல் யூரோ வந்து அந்த நோட்டையும் வழக்கொழித்தது.