எந்திரத்தைப் பிரித்துப் படித்த மேதை

நம் போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஜீப்புகள் முக்கி முனகி ஏறுவதைக் காண்கிறோம். அவற்றின் உள்ளே நடப்பது என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? எண்ணியதோடு நில்லாமல், தம் கையாலேயே ஓர் எந்திரத்தைப் பிரித்து விடை கண்டவர் கோவை தந்த விஞ்ஞானி ஜி. டி. நாயுடு.

துரைசாமி என்னும் இயற்பெயருடைய இவர், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் மனம் ஒட்டாததால் தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. கோவை சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் மெச்ச ஓட்டித் திரிந்தாரா? இல்லை! ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். மீண்டும் பூட்ட இயலாவிடில், ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பெல்லாம் பழைய இரும்பாகிவிடும். ஆயினும் அஞ்சாமல் பிரித்தார், பூட்டினார், வண்டி ஓடியது!

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பர். கிராங்க் தண்டின் வளைவை நீட்டினால் அத்தூரம் கூடும், உள்ளே புகும் காற்றும் எரிபொருளும் கூடும், இழுவிசையும் கூடும். மலையேறும் வண்டிக்கு வேண்டுவது இதுவேயன்றோ! இத்தகைய நுட்பங்கள் எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கே நன்கு விளங்கும்.

1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் அவர் முயற்சியால் உள்நாட்டிலேயே மின் மோட்டார் உருவாயிற்று. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் துணை நின்றார். பட்டறையில் கைபடக் கற்பதே கல்வி என்பது அவர் கொள்கை. 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.

அன்புத் தோழியரே! எந்திரம் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று நாம் ஒதுங்கலாமா? நம் வீட்டுத் தையல் எந்திரத்தின் மிதி ஏறி இறங்க, சக்கரம் சுழல்கிறதே. அதுவும் கிராங்கின் வேலைதான். அடுத்த முறை அதற்கு எண்ணெய் இடும்போது சற்றுக் குனிந்து பார்ப்போம். அறிவின் வாயில் அங்கேயும் திறந்திருக்கிறது!