சோழனுக்கு ஏற்ற தாழி!

திருச்சி தென்னூரை அடுத்து இருக்கிறது உறையூர். இன்று அது நகரின் ஒரு பகுதி. சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சோழர்களின் தலைநகரம்.

உறையூரில் இருந்து ஆண்ட மன்னர்களில் ஒருவன், கிள்ளிவளவன். பெரிய வீரன். கோபக்காரன். ஆனால், புலவர்கள் சொன்னால் கேட்பான். அவன் கதையைச் சொல்வது, புறநானூறு.

யானைக் காலில் குழந்தைகள்

மலையமான் என்ற குறுநில மன்னன் மீது கிள்ளிவளவனுக்குப் பகை. அவனுடைய குழந்தைகளைப் பிடித்து வந்து, யானைக் காலால் இடறிக் கொல்லும்படி உத்தரவிட்டான்.

யானை வந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தைகள், அதைப் பார்த்ததும் அழுகையை மறந்தார்கள். சாவு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை!

கோவூர் கிழார் என்ற புலவர் ஓடி வந்தார். ஒரு புறாவின் துயரைத் தீர்த்த சோழனின் வழியில் வந்தவன், பச்சைக் குழந்தைகளைக் கொல்லலாமா என்று எடுத்துச் சொன்னார். குழந்தைகள் பிழைத்தார்கள்.

இன்னொரு சமயம், வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் வந்தார். உழவர்களைக் காப்பதே மன்னன் கடமை என்றார். நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்தான், மன்னன்.

கூடவே போகும் பொருள்கள்

கிள்ளிவளவன், குளமுற்றம் என்ற ஊரில் இறந்தான். நாடே அழுதது. விதை நெல்லைச் சமைத்துத் தின்ற மூடன் என்று, எமனையே திட்டினார் ஒரு புலவர்.

அந்தக் காலத்தில், இறந்தவர்களைப் பெரிய மண் தாழியில் வைத்துப் புதைப்பது உண்டு. இதுதான் முதுமக்கள் தாழி. இறந்தவர் பயன்படுத்திய பொருள்களையும் உடன் வைப்பார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி பல தாழிகளைத் தோண்டி எடுத்தார். அவை கிள்ளிவளவனுக்கும் முற்பட்டவை. இரும்பு வாள்கள், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள், வெண்கலத்தில் செய்த எருமை, சேவல் உருவங்கள் ஆகியவை கிடைத்தன. சட்டிகளில் நெல் உமிகூட இருந்தது. போகிற இடத்தில் பசிக்குமே என்று யாரோ வைத்த சோறு!

இங்கிலாந்திலும் இந்த வழக்கம் இருந்தது. சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939-ல் தோண்டியபோது, 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறை கிடைத்தது. ஒரு முழுக் கப்பலையே புதைத்திருந்தார்கள். அதில் தலைக்கவசம், வாள், தங்க நகைகள் இருந்தன.

குயவரிடம் ஒரு கேள்வி

கிள்ளிவளவன் இறந்தபோது, ஐயூர் முடவனார் என்ற புலவர், தாழி செய்யும் குயவரை நினைத்து இரக்கப்பட்டார். மன்னனின் புகழோ உலகம் எங்கும் பரவியது. அவனுக்கு ஏற்ற தாழி வேண்டுமானால், பூமியே சக்கரம் ஆக வேண்டும். மேரு மலையே மண்ணாக வேண்டும். உன்னால் முடியுமா என்று கேட்டார்.

வாளைத் தாழியில் வைக்கலாம். பொன்னையும் வைக்கலாம். உயிர் பிழைத்த குழந்தைகளின் நன்றியை எந்தத் தாழியில் வைப்பது?