நடுங்கும் கைகளைப் பார்த்திருந்த வைத்தியர்



1995ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், யோசப் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்தக் கொழும்புக்கு வந்தார். அன்று காலிமுகத்திடலுக்குப் பஸ் ஏறிப் போனவர்கள் உங்கள் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அந்நாட்களிலேயே பாப்பரசரின் இடது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. 2005 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, அவரை வாட்டிய பார்க்கின்சன் வியாதியின் பெயரை உலகமே அறிந்திருந்தது.

ஆனால் அதே வியாதி நம்முடைய லயத்து இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தால் நாம் அதை அடையாளம் காண்பதில்லை. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். ஒரு காலத்தில் கொழுந்து நிறுக்கும்போது அவருடைய கூடைக்கு எப்போதும் இரண்டு றாத்தல் கூடுதலாகவே இருக்குமாம். இப்போது சேலை உடுத்த அரைமணி நேரம். தேத்தண்ணிக் கோப்பை மடியில் கொட்டுகிறது. பேரப்பிள்ளை ஓடிவந்தாலும் முகத்தில் சிரிப்பில்லை. கிழவிக்கு வீம்பு என்றார் மருமகள். செய்வினை என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். வயது போனால் அப்படித்தான் என்றார் மகன்.

இவை மூன்றுமல்ல, இது தனியொரு நோய் என்று தெளிவாக வரையறுத்துக் காட்டிய வைத்தியரின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ழான் மார்த்தன் ஷார்க்கோ. 1825ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி பாரிஸ் நகரில் குதிரை வண்டி செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். அதிகம் பேசாதவர். நன்றாகச் சித்திரம் வரைவார். மிருகங்களை வதைத்துப் பரிசோதனை செய்வதை வெறுத்தார். வீட்டில் ஒரு குரங்கைச் செல்லமாக வளர்த்தார் என்றால் நம் தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள்!

1862இல் அவர் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். முன்னொரு காலத்தில் வெடியுப்புக் கிடங்கு இருந்த இடம் அது. பதினேழாம் நூற்றாண்டு முதல் ஏழைப் பெண்களுக்கான அடைக்கல மடமாக இருந்தது. ஷார்க்கோவின் காலத்தில் ஏறத்தாழ 5,000 பெண்கள் அங்கே கிடந்தார்கள். வயோதிபர், வலிப்பு நோயாளர், புத்தி சுவாதீனமற்றோர், யாருமற்றோர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். பேர் எடுக்க விரும்பும் வைத்தியர் எவரும் நாடிப் போகும் இடமல்ல. ஷார்க்கோவோ அங்கேயே முப்பது ஆண்டுகள் இருந்தார். 1872இல் பாரிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1882இல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கப்பட்டு அவருக்கு வழங்கப்பட்டது.

நோயாளியை முன்னால் நிறுத்திவிட்டுப் பேசாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம். அப்படிப் பார்த்ததில் கண்டது என்னவென்றால், நடுங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நோயாளிகள் அல்லர். சிலருக்குக் கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. ஒரு பொருளை எடுக்க நீட்டினால் நடுக்கம் தணிகிறது. வேறு சிலருக்கு நேர்மாறாக, நீட்டும்போதுதான் நடுக்கம் கூடுகிறது. முதலாவது பார்க்கின்சன், இரண்டாவது மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஆங்காங்கே தழும்பு விழும் வேறொரு நோய். வகுப்பில் மாணவர் கண்ணுக்கு இந்த வேற்றுமை புலப்படுவதற்காக நோயாளிகளின் தலையில் நீண்ட இறகுகளைச் செருகி, அவை ஆடும் விதத்தைக் காட்டினார். நாடித் துடிப்பைப் பதியும் கருவியை நடுக்கத்தை வரையவும் பயன்படுத்தினார்.

லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் வீதியில் கண்டதோடு சரி. நோய்க்கு நடுக்குப் பாரிசவாதம் என்ற பொருளில் பெயரிட்டிருந்தார். ஷார்க்கோ இதை ஏற்கவில்லை. நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். பாரிசவாதமோ இதில் கிடையாது, தசையில் பலம் இருக்கிறது என்றார். மனம் கட்டளை இடுகிறது, உடல் தாமதமாகக் கீழ்ப்படிகிறது. முகம் அசையாதிருப்பதால் உள்ளே உணர்ச்சி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே பழைய பெயரை விட்டு, அந்த ஆங்கிலேயரின் பெயராலேயே நோயை அழைக்கவேண்டும் என்றார். தன் பெயரைச் சூட்டிக்கொள்ள முயலவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளில் கிடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தார். சொற்ப சுகம் கிடைத்தது. தூரப் பயணத்தில் ரயிலும் வண்டியும் குலுங்கும்போது உடம்பு இலேசாகிறது என்று நோயாளிகள் சொல்ல, அதைத் தட்டிக்கழிக்காமல் ஒரு குலுங்கும் நாற்காலியையே செய்வித்தார்! 2012இல் சிக்காகோ ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுங்காத நாற்காலியில் இனிய ஒலிகளைக் கேட்டு ஓய்வாக இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே சுகம்தான்.

அவரைக் குறையற்றவராக உங்களுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. பிற்காலத்தில் பெண்களை அறிதுயிலில் ஆழ்த்தி, பார்வையாளர் நிறைந்த மண்டபத்தில் அவர்களைக் காட்சிப்பொருளாக்கினார். அந்த வகையில் அவர் கட்டிய கொள்கைகளிற் பல அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அந்தப் பெண்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? திருச்சபைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1892இல், லூர்து போன்ற தலங்களில் கிடைக்கும் சுகத்துக்கு மனத்தின் வலிமையே காரணம் என எழுதினார். அதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் தம்மால் குணமாக்க முடியாத நோயாளிகள் சிலரை அவரே லூர்துக்கு அனுப்பியிருக்கிறார்.

1893 ஆகஸ்டு 16ஆந் திகதி, பயணத்தில் இருந்தபோது காலமானார். பார்க்கின்சன் நோயாளிகள் இறந்தபின் மூளையை ஆராய்ந்தும், நோயின் இருப்பிடத்தை அவரால் காண முடியவில்லை. அதே ஆஸ்பத்திரியில் ஆராய்ந்த திரெத்தியாக்கொவ் என்ற ரஷ்யர் 1919இல் கண்டார்: மூளையின் அடியில் கறுப்பாயுள்ள ஒரு சிறு பகுதி தேய்ந்துபோகிறது. அங்கிருந்து சுரக்கவேண்டிய டோபமின் குறைவதே காரணம் என்பது 1960 அளவில் தெரிந்தது. டோபமினாக மாறும் டோபா என்ற பொருளை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அதற்காக விதையை இடித்துக் குடிக்கப் புறப்படாதீர்கள். அளவு தெரியாமல் உட்கொள்வது ஆபத்து. டோபா மாத்திரை வந்தது 1960களின் இறுதியில். நோயை அது வேரோடு அகற்றாது. உடம்பின் பூட்டைச் சில மணி நேரம் திறந்துவைக்கும். அதனால்தான் நேரம் தவறாமல் விழுங்கவேண்டும்.

அந்தப் பாட்டியை மகன் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூன்று வேளை மாத்திரை. கோப்பையைப் பிடிக்கிறார். சேலை உடுத்த இன்னமும் நேரமாகிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டார் பூசைக்கு அரைமணி நேரம் முந்தியே எழும்புகிறார்கள்.