பாலர் சபையின் வாத்தியார்

மேடையிலோ திரைப்படத்திலோ குழந்தைகளை நடிக்க வைப்போர், ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளரை அமர்த்த வேண்டும் என்கின்றன 2017-இல் மத்திய அரசு திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத காலத்தில், விடிய விடிய நடந்த நாடகங்களில் சிறுவர்களை மேடையேற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சில காலம் உப்பளத்தில் கணக்கு எழுதினார். இருபத்துநான்காம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவரைக் கண்டவர்கள் நடுங்கினர் என்பர். அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்ததாகவும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மேடையிலிருந்து விலகினாரே தவிர, நாடகத்திலிருந்து விலகவில்லை. எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் எஞ்சிய நாள்களைக் கழித்தார். மணம் செய்துகொள்ளவில்லை.

அவர் சிறுவர்களிடம் ஏன் சென்றார் என்பதில் கலைக் காரணமும் உண்டு. பொருளாதாரக் காரணமும் உண்டு. அக்காலத்து நடிகர்கள் பலர் பாடத்தை மதிப்பதில்லை. ஒத்திகையின்றி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வந்து, மேடையிலேயே ஒருவரையொருவர் தர்க்கத்தில் மடக்கிக் கைதட்டல் வாங்குவதே அவர்களின் திறமையாக இருந்தது. கதை எங்கோ நின்றுவிடும். சிறுவர்களோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பார்கள். பேரம் பேச மாட்டார்கள். மறுநாள் வேறு கம்பெனிக்குப் போய்விடவும் முடியாது. எழுதிய சொல் எழுதியவாறே மேடையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய ஆசிரியருக்கும், செலவைச் சுருக்க விரும்பிய முதலாளிக்கும் பாலர் சபை ஒரே நேரத்தில் ஏற்றதாயிற்று. இந்த ஒற்றுமையை நம் நாடக வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது சுவாமிகள் அதன் ஆசிரியர். பெண் வேடங்களும் சிறுவர்களுக்கே. அன்று ஆறு வயதில் அங்கே சேர்ந்தவர்தான் பின்னாளில் ஔவையாராகப் புகழ்பெற்ற தி.க. சண்முகம். பாடம், பாட்டு, உச்சரிப்பு அனைத்தும் வாத்தியாரின் பொறுப்பு. பக்கத் திரைக்குள் வேடத்தோடு கண்ணயர்ந்துவிடும் பிள்ளையை உரிய காட்சிக்கு எழுப்பி அனுப்புவது எத்தகைய வேலை என்பதைப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் குழந்தைகளைக் கட்டி மேய்த்தவர்களும் அறிவார்கள். இங்கே அது விடியும் வரை நீடித்தது.

அவரது கண்டிப்பு பெயர்பெற்றது. பாலர் சபைகளில் அடி சாதாரணம். பள்ளிப் படிப்பு இல்லை, வீடு தொலைவில். எல்லாவற்றுக்கும் மேலாக, மகரக்கட்டு என்ற அச்சம் ஒன்று இருந்தது. குரல் உடையும் வயது வந்தால் நேற்றுவரை கதாநாயகனாக இருந்தவன் ஓரத்தில் நிற்க நேரும். உழைப்பவனின் முதலீடு அவன் தொண்டை மட்டுமே என்ற நிலையில், அது ஒருநாள் எச்சரிக்கையின்றி மறைந்துவிடும். அதற்கு ஈடு எதுவும் கிடையாது.

ஆயினும் அந்தப் பிள்ளைகளை அவர் கூலிகளாக மட்டும் கருதவில்லை என்பதற்குச் சான்று உண்டு. சிறுவன் சண்முகம் நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே ‘எனது நாடக வாழ்க்கை’யில் பதிவு செய்திருக்கிறார். ஆளைத் தேடி நாடகம் எழுதுவது புதிதன்று. ஒரு குழந்தையின் குரலுக்கும் உடலுக்கும் அளவெடுத்து, முழு நீள நாடகத்தையே எழுதுவது வேறு. தமிழின் செறிவான வசனங்களையும் பாடல்களையும் நாவில் பதியவைத்த அந்தப் பயிற்சியே பல சிறுவர்களுக்குக் கிடைத்த ஒரே கல்வி. அதற்கு அவர்கள் கொடுத்த விலை கூடுதல் என்றே நினைக்கிறேன்; கிடைத்தது அற்பம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நல்ல வாத்தியார் வாய்த்தவர்கள் பிழைத்தார்கள். வாய்க்காதவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. ஆயிரக்கணக்கான வரிகளைச் சொல்லிக் கொடுத்தவருக்குப் பேச்சு போயிற்று. 1922 நவம்பர் 13-இல், சபை முகாமிட்டிருந்த புதுச்சேரியில் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி இருக்கிறது.

மூன்றாண்டுகள் கழித்து, 1925-இல் தி.க.ச. சகோதரர்கள் சொந்தமாக நாடக சபை தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயது நிறையவில்லை. ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்று பெயரிட்டார்கள். அதுவும் ஒரு பாலர் சபைதான்.