உபகாரச் சம்பளத்தை இழந்த கணித மேதை

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் காலனியின் இல்லந்தோறும் ஒரே பேச்சுத்தான். எந்தக் கல்லூரியில் இடம் கிட்டும், ஆனர்ஸ் வகுப்பில் சேர்ப்பார்களா, உபகாரச் சம்பளம் கிடைக்குமா என்ற கவலையே பெற்றோர் உள்ளத்தை நிறைத்திருக்கும். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, பிள்ளை எந்த மாநிலத்துக்கு உரியவன் என்ற கேள்வியும் உடன் சேர்ந்து கொள்கிறது. இத்தகைய கவலையை நம்மினும் மிகுதியாக அனுபவித்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை இம்மலரில் நினைவு கூர்வது பொருத்தமாகும் என எண்ணுகிறோம். அது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் குடும்பம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயார் பிறந்த இல்லத்தில் தோன்றினார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடியும், வெளியூர் மாணவர்க்கு வீட்டில் உணவளித்தும் குடும்பத்துக்குத் துணை புரிந்தார். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறிய சிறுவன், கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். பதினாறாம் வயதில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவனுக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல் இன்றியே அடுக்கித் தந்த நூல் அது. ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்கும் முயற்சியில் அவன் உலகை மறந்தான்.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான பரிசும், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயில உபகாரச் சம்பளமும் கிடைத்தன. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும் பேறு. ஆனால் அது நிலைக்கவில்லை. எஃப். ஏ. வகுப்பில் கணிதம் ஒன்றே பாடமன்று. ஆங்கிலம், வரலாறு, உடலியல் முதலியவற்றிலும் தேற வேண்டும். கணிதத்தையன்றி வேறெதையும் ஏறெடுத்துப் பாராத இராமானுஜன் ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் கல்லூரி முதல்வரை நேரிற் கண்டு முறையிட்டார். முதல்வர் பணிவுடன் கேட்டாராயினும் விதியைத் தளர்த்த இயலாதென மறுத்துவிட்டார். 1905இல் மனமுடைந்த இளைஞர் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்குச் சென்றார்.

பின்னர் 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோயும் பிற பாடங்களும் குறுக்கே நின்றன. 1907இலும் எஃப். ஏ. தேற இயலவில்லை. அத்தேர்வில் தவறியவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பில் இடமில்லை. நோட்டுப் புத்தகங்களில் மட்டும் அவருடைய கணிதம் வளர்ந்து வந்தது. காகிதம் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார்.

1909இல் ஜானகியம்மாளை மணந்தபின் வேலை தேடுவது இன்றியமையாததாயிற்று. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டர். 1910இல் அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டு நின்றார் இராமானுஜன். நோட்டுகளைப் புரட்டிய இராமசாமி ஐயர், இவ்வறிவைத் தாலுகா அலுவலகத்தில் முடக்கலாகாது என்றெண்ணிச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அதன் பயனாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. அவர் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ விரும்பாத இராமானுஜன் 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கும் மேலதிகாரிகளான நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் தகுதியை உணர்ந்தனர்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதியதும், ஹார்டி வியந்து மறுமொழி விடுத்ததும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அதே ஆண்டு சென்னையில் நிகழ்ந்த மற்றொன்றைப் பலரும் அறியார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சிம்லாவிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். இராமானுஜனின் நோட்டுகளைக் கண்டு, இவரை ஆதரித்தல் வேண்டுமெனப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கணிதப் பாடக்குழுவும் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளிக்கலாமெனப் பரிந்துரைத்தது. சிண்டிகேட்டில் தடை எழுந்தது. ஆராய்ச்சி உதவி பட்டம் பெற்றோர்க்கே உரியது, இவரோ எஃப். ஏ.யும் தேறாதவர். அப்போது நீதிபதி பி. ஆர். சுந்தர ஐயர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையையே எடுத்துக்காட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பது இக்கழகத்தின் கடமையன்றோ என வாதிட்டார். விதியை வைத்தே விதியின் தடை நீங்கியது. மூன்று திங்களுக்கு ஒரு முறை அறிக்கை தருதல் வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் 1913 மே மாதம் உபகாரச் சம்பளம் தொடங்கிற்று. ஒரு முறை உதவியை இழந்தவருக்குக் கணிதத்துக்காகவே மீண்டும் உதவி கிட்டியது.

அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார். அவ்வுதவியில் 50 பவுன் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் உரிய முன்தகுதி இல்லாதிருந்தும் ஆராய்ச்சி மாணவராக ஏற்கப்பட்டு 1916இல் பட்டம் பெற்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடிக் கல்லூரியின் ஃபெல்லோவாகவும் உயர்ந்தார். ஆனால் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், நோயும் அவர் உடலைத் தளர்த்தின. 1919இல் தாயகம் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

தாயகம் திரும்புமுன், 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதமொன்று நம் சிந்தனைக்குரியது. மேலும் பல ஆண்டுகள் 250 பவுன் வீதம் அளிக்கப்படும் என அறிந்த அவர், அத்தொகை தம் தேவைக்கு மிகை என்று தெரிவித்தார். பெற்றோருக்கு 50 பவுனும் தம் இன்றியமையாச் செலவும் போக மீதியை, ஏழைச் சிறுவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்த வேண்டினார். சம்பளம் கட்ட வழியின்றிக் கல்லூரியைத் துறந்த நாட்களைப் புகழின் உச்சியிலும் அவர் மறக்கவில்லை.

ஒரு பாடத்தில் மட்டும் ஊன்றிப் பிறவற்றைப் புறக்கணிக்கலாம் என்பது இதன் படிப்பினையாகாது. அதனால் அவர் பட்ட அல்லல் கொஞ்சமன்று. பெரியோர்க்கே இதில் பாடம் மிகுதி. நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டிய ஓர் அதிகாரி, கைப்பொருள் ஈந்த ஒரு கலெக்டர், சபையில் எழுந்து பேசிய ஒரு நீதிபதி ஆகியோர் இல்லையேல் அந்த எண்கள் கும்பகோணத்துத் திண்ணையிலேயே அழிந்திருக்கும். முதன்மை மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு ஆண்டு விழா மேடையில் பரிசளித்து மகிழ்வது முறையே. அதே வாரத்தில், ஒரு பாடத்தில் தவறி வெளியே தலைகாட்டாதிருக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் நம்மில் ஒருவர் சென்று, அவனுடைய நோட்டுகளைக் காட்டச் சொல்லிக் கேட்போமாக.