கூப்பனா, பள்ளிக்கூடமா? ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர் தேர்ந்தெடுத்த வழி

கல்விக்கு அரசு ஒதுக்கும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமா, பெற்றோர் கைக்குப் போகணுமா? உலகம் முழுக்க நடக்கும் ‘ஸ்கூல் வவுச்சர்’ விவாதத்தின் மையம் இதுதான். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு கூப்பன் கொடுத்துவிடும். பெற்றோர் அதைக் கொண்டுபோய் பிடித்த பள்ளியில், தனியார் பள்ளியாக இருந்தாலும், சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல் எழுதிய கட்டுரையில் இந்த யோசனையை முன்வைத்தார்.

அதே 1955-ல் சென்னை மாநில முதல்வராக இருந்தவர் விருதுநகர்க்காரரான காமராஜர். எல்லாப் பிள்ளைகளையும் எப்படிப் படிக்க வைப்பது என்ற கேள்வி அவர் முன்னாலும் நின்றது. அவர் போன பாதை வேறு. அதற்கான காரணம் அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15-ல், அப்போது விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி நாடார், அம்மா சிவகாமி அம்மாள். படித்தது ஊரிலிருந்த க்ஷத்திரிய வித்யாசாலாவில். 1880-களில் நாடார் சமூகத்தினர் தொடங்கிய பள்ளி அது. வியாபாரத்தில் வரும் லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைப்பார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியும் காசும்தான் பள்ளியை நடத்தின. பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனாலும் காமராஜரால் அங்கே தொடர்ந்து படிக்க முடியவில்லை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபீஸ் இல்லை என்பது மட்டும் போதாது, வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பையன் பள்ளிக்குப் போவான். இது அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை.

கடையில் இருந்தபடியே காங்கிரஸ் பக்கம் போனார். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு அலிப்பூர் சிறைக்குப் போனார். மொத்தத்தில் அவருடைய சிறைவாசம் ஏறக்குறைய 9 ஆண்டுகள். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

அரை நாள் பள்ளி

1953-ல் முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். மாணவர்களை இரண்டு ஷிஃப்டாகப் பிரித்து ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் 3 மணி நேர வகுப்பு, மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்பது. ஆசிரியர்களும் பணமும் போதவில்லை, இருப்பதை வைத்து அதிகம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசின் வாதம். அப்பன் செய்த தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடும் ‘குலக்கல்வித் திட்டம்’ இது என்று திராவிடர் கழகமும் தி.மு.க.வும் எதிர்த்தன. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது.

ராஜாஜி விலகினார். கட்சிக்குள் நடந்த தேர்தலில் சி.சுப்பிரமணியத்தை 93-க்கு 41 என்ற ஓட்டுக்கணக்கில் வென்று, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். தோற்ற சி.எஸ்.ஸையே தன் அமைச்சரவையிலும் வைத்துக்கொண்டார். அந்த சி.எஸ்.தான் மே மாதம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

திட்டம் போனது, ஆனால் பணத் தட்டுப்பாடு போகவில்லையே? கஜானா அதே கஜானாதான்.

முதலில் சோறு

காமராஜர் அரசு மூன்று இடத்தில் கைவைத்தது.

ஒன்று, தூரம். பள்ளி இல்லாத கிராமங்களில் பள்ளி திறந்து, சின்னப் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்துக்குள் அதைக் கொண்டுவருவது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதை முன்னின்று செய்தார்.

இரண்டு, பசி. 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் நடந்தது, பிறகு அரசு மானியம் சேர்ந்தது. விருதுநகரின் பிடி அரிசி மாநிலம் முழுக்கப் பரவியது மாதிரிதான். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊர்க்காரர்களே கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று வாங்கிக் கொடுத்தார்கள்.

மூன்று, ஆசிரியர். பென்ஷன், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் 1955-ல் வந்தது. அரசு உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களும் இதில் அடக்கம்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்கணும். காமராஜர் தனியார் பள்ளிக்குப் பணமே தரக் கூடாது என்று சொன்னவர் இல்லை. உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பணம் போனது பள்ளிக்கு, கணக்குக் காட்டவேண்டிய பொறுப்போடு. கூப்பன் முறையில் பணம் பிள்ளையின் பின்னாலேயே போகும். பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் பழைய பள்ளியின் வருமானமும் போய்விடும்.

தீப்பெட்டி மண்ணில் எட்டாத இடம்

இந்தத் திட்டங்கள் எல்லாருக்கும் எட்டிவிடவில்லை. காமராஜரின் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் அவருக்குப் பிறகும் பல்லாயிரம் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். ஒரு வேளைச் சோற்றைவிட நாள் கூலி பெரிதாக இருந்த வீடுகள் அவை.

1996 டிசம்பரில் சிவகாசி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முடியாவிட்டால் அரசு ரூ.5,000 போட வேண்டும், குழந்தை படிக்கும் வரை அதன் வட்டி குடும்பத்துக்குப் போக வேண்டும் என்றது. படிப்பைத் தடுத்தது ஃபீஸ் அல்ல, இழக்கும் கூலி என்பதை நீதிமன்றமும் கண்டுகொண்டது. காமராஜர் படிப்பை விட்ட அதே காரணம்.

ஊர் கொடுத்த தோல்வி

1963-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் தானே விட்டார். 1967 தேர்தலில் விருதுநகரில் நின்று, தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1965 மொழிப் போராட்டத்தை நடத்திய மாணவர்களில் பலர், அவர் ஆட்சிக் காலத்தில் பள்ளியில் படித்தவர்கள். சோறு போட்டவர் என்பதற்காக அவர்கள் ஓட்டுப் போட்டுவிடவில்லை. படித்த தலைமுறை கேள்வி கேட்டது. 1975 அக்டோபர் 2-ல் அவர் காலமானார்.

இன்றைய கணக்கு

இந்தியாவில் கூப்பனுக்கு நெருக்கமான ஏற்பாடு, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு. தனியார் பள்ளியில் சேரும் ஏழைக் குழந்தைக்கான செலவை அரசு திருப்பிக் கொடுக்கும். பக்கத்து அரசுப் பள்ளி சரியில்லை என்றால் வசதி உள்ளவர் பள்ளியை மாற்றிவிடலாம், ஏழை என்ன செய்வார் என்று கூப்பன் ஆதரவாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் 1981-லேயே நாடு முழுக்கக் கூப்பனுக்கு மாறிய சிலியில், வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிந்தார்கள். அதைச் சரிசெய்ய 2015-ல் அங்கே புதுச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு அனுபவமும் கிடைத்தது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேர மறுத்ததால் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா நிதி நின்றபோது, 2025-ல் இந்த 25 சதவீதச் சேர்க்கையும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மேலிருந்து பணம் வராவிட்டால் கூப்பனும் வெறும் காகிதம்தான். அரசுப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. 2022-ல் தொடங்கிய காலை உணவும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை கூப்பன் பேச்சு வரும்போது, காமராஜர் வாழ்க்கையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கூப்பனைக் கொண்டுபோக நடக்கிற தூரத்தில் பள்ளி இருக்கா? பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் வருதா? அது சம்பாதித்தால்தான் ஆகும் என்ற நிலையில் வீடு இருக்கா?